எச்சில் ஊறுவது முதல் இரைப்பை வரை: உங்கள் வாயிலேயே செய்து பார்க்க ஒரு முழு வழிகாட்டி

முகம் பார்க்கும் கண்ணாடி, செல்போன் டார்ச், சுண்டைக்காய் அளவு புளி, ஒரு கைப்பிடி பொரி, இரண்டு வாய் வெறும் சோறு, ஒரு சிட்டிகை சர்க்கரை, சுத்தமான பருத்தித் துணி, சிரப் பாட்டிலோடு வரும் அளவு மூடி, ஒரு டம்ளர் தண்ணீர். இவ்வளவு போதும். சாப்பிட்டு ஒன்றரை மணி நேரமாவது கழிந்த பிறகு உட்காருங்கள்.

ஒரு எச்சரிக்கையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பக்கவாதம் வந்தவர்கள், சாப்பிடும்போது அடிக்கடி இருமுகிறவர்கள், தொண்டையில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள் இதைப் படித்தால் போதும், செய்து பார்க்க வேண்டாம்.

இதெல்லாம் எனக்கு எதற்குத் தெரியவந்தது என்றால், அப்பாவுக்குப் பக்கவாதம் வந்ததால். ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்தபின் இட்லியை மெதுவாகச் சாப்பிட்டுவிடுவார். தண்ணீர் கொடுத்தால்தான் இருமல். கெட்டியானது இறங்குகிறது, தண்ணீர் இறங்கவில்லையா? வீட்டில் யாருக்கும் புரியவில்லை. விழுங்கும் பயிற்சி தருகிற ஒரு சிகிச்சையாளர் வீட்டுக்கு வந்தார். அப்பாவுக்கு எதையும் ஊட்டுவதற்கு முன் என் கையைப் பிடித்து என் தொண்டைமேலேயே வைத்தார். “முதல்ல உங்களோடது எப்படி வேலை செய்யுதுன்னு பாருங்க சார், அப்புறம் அவரோடதைப் பார்க்கலாம்” என்றார். அவர் சொன்ன வரிசையில்தான் இதை எழுதுகிறேன்.

படி 1: குழாய்களைக் கண்டுபிடியுங்கள்

வாயைத் திறந்து, நாக்கு நுனியை மேல் அண்ணத்தில் வைத்து, டார்ச் அடித்துக் கண்ணாடியில் பாருங்கள். நாக்கை அடியோடு கட்டியிருக்கும் மெல்லிய சவ்வு மடிப்பின் இரண்டு பக்கமும் கடுகு போல ஒவ்வொரு மேடு தெரியும். கீழ்த்தாடைச் சுரப்பிகளின் வாய் அதுதான். இப்போது கன்னத்தை விரலால் வெளியே இழுத்து, மேல்வரிசையில் இரண்டாவது கடைவாய்ப் பல்லுக்கு நேர் எதிரே பாருங்கள். அங்கேயும் ஒரு சின்ன மேடு. அது கன்னச் சுரப்பியின் வாய். டாக்டர்கள் பரோடிட் என்பார்கள். பொன்னுக்கு வீங்கி வந்தால் காதுக்கு முன்னும் கீழும் வீங்குகிறதே, அதே சுரப்பி. அந்த நேரத்தில் புளிப்பு பட்டால் சுளீரென்று வலிப்பதும் இதனால்தான்.

இப்போது புளியை நாக்கின் ஓரத்தில் வைத்துவிட்டு அந்த மேடுகளையே பாருங்கள். சில நொடிகளில் தண்ணீர் கசியும். சிலருக்கு நாக்கின் அடியிலிருந்து மெல்லிய தாரையாகவே பீச்சும். கொட்டாவி விடும்போது திடீரென்று எதிரில் இருப்பவர்மேல் தெறிப்பதும் அங்கிருந்துதான், நம் மரியாதைக் குறைவு இல்லை.

கீழ்த்தாடைச் சுரப்பியின் குழாயை 1656-இல் தாமஸ் வார்ட்டன் என்ற ஆங்கிலேய மருத்துவர் விவரித்தார். கன்னச் சுரப்பியின் குழாயை 1660-இல் ஆம்ஸ்டர்டாமில், ஓர் ஆட்டுத் தலையை அறுத்துக்கொண்டிருந்தபோது நீல்ஸ் ஸ்டென்சன் என்ற 22 வயது டேனிஷ் மாணவர் கண்டார். இரண்டு குழாய்களும் இன்றுவரை அவர்கள் பெயரில்தான் இருக்கின்றன.

மூன்றாவது ஜோடி நாவடிச் சுரப்பி. இந்தப் பெரிய மூன்று ஜோடிகளைத் தவிர, உதடு, கன்னம், அண்ணம் எங்கும் 600 முதல் 1000 வரை குட்டிச் சுரப்பிகள் இருக்கின்றன. அவற்றையும் பார்க்கலாம். கீழ் உதட்டை வெளியே மடித்து, உள்பக்கத்தைத் துணியால் நன்றாக ஒற்றி எடுங்கள். டார்ச் வெளிச்சத்தில் ஒரு நிமிடம் அப்படியே பிடித்திருங்கள். வியர்வை பூத்தது மாதிரி குட்டிக் குட்டித் துளிகள் முளைக்கும். எனக்கு இந்த வழிகாட்டியிலேயே பிடித்த சோதனை இதுதான்.

படி 2: குழாயைத் திறப்பது யார்

மூளைத்தண்டு. நாக்கில் புளிப்பு பட்ட செய்தி அங்கே போய், இரண்டு நரம்புகள் வழியாகத் திரும்புகிறது. ஏழாவது மண்டை நரம்பு தாடைக்கும் நாக்குக்கும் அடியில் உள்ள சுரப்பிகளுக்கு, ஒன்பதாவது நரம்பு கன்னச் சுரப்பிக்கு. சும்மா இருக்கும்போது ஊறுவதில் பெரும்பங்கு கீழ்த்தாடைச் சுரப்பியுடையது. மெல்ல ஆரம்பித்ததும் கன்னச் சுரப்பி முன்னுக்கு வந்துவிடும். அது தருவது தண்ணீர் போன்ற எச்சில். நாவடிச் சுரப்பி தருவது கொழகொழப்பானது.

சுவைகளில் புளிப்புக்குத்தான் அதிகம் ஊறும். வெறுமனே மெல்லுவதற்கும் நன்றாக ஊறும். மணத்துக்குக் கொஞ்சம். நினைப்புக்கு? மாவடு என்று படித்த உடனே உங்கள் வாயில் நீர் ஊறியிருக்கலாம். ஆனால் மனிதர்களுக்கு நினைப்பால் கூடுவது மிகக் குறைவு என்கிறார்கள். ஏற்கெனவே வாயில் இருந்ததைத்தான் அப்போது கவனிக்கிறோமாம். மணிச் சத்தத்துக்கே எச்சில் ஊறும்படி ரஷ்ய விஞ்ஞானி பாவ்லோவ் பழக்கிய நாய்கள் இந்த விஷயத்தில் நம்மைவிடத் தாராளம். சொல்லப்போனால் பாவ்லோவுக்கு 1904-இல் நோபல் பரிசு கிடைத்தது மணியடித்து நாயை ஏமாற்றியதற்காக இல்லை, செரிமானம் பற்றிய ஆராய்ச்சிக்காக.

பயந்தால் வாய் உலர்கிறதே, அது எப்படி? பயத்தில் மேலே உள்ள மூளை இந்த மூளைத்தண்டு மையங்களை அடக்கிவிடுகிறது. தண்ணீர் வரத்து குறைந்து, இருப்பது பிசுபிசுவென்று ஆகிவிடும். பழைய தர்மசாஸ்திரங்களில் ‘தண்டுலம்’ என்றொரு சோதனை உண்டு. திருட்டுப் பழி சுமத்தப்பட்டவனை அரிசியை மென்று துப்பச் சொல்வார்கள். குற்றம் செய்தவனுக்கு வாய் காய்ந்திருக்கும் என்பது கணக்கு. குற்றம் செய்யாதவனுக்கும் பயத்தில் காயும் என்பதை யார் யோசித்தார்களோ தெரியவில்லை.

வாந்தி வருவதற்கு முன் வாயில் குபுகுபுவென்று நீர் ஊறுவதும் இதே மூளைத்தண்டின் வேலை. வரப்போகும் அமிலத்திலிருந்து பல்லையும் தொண்டையையும் அது காக்கிறது.

படி 3: எச்சில் ஏன் உப்புக் கரிக்கவில்லை

எச்சில் வருவது இரத்தத்திலிருந்து. இரத்தம் உப்புக் கரிக்கும், கண்ணீரும் கரிக்கும், எச்சில் மட்டும் சப்பென்று இருக்கிறது. சுரப்பியின் உள்ளே இரண்டு கட்டமாக வேலை நடப்பதால் இப்படி. முதலில் திராட்சைக் கொத்து போன்ற அறைகளில் இருக்கும் செல்கள், இரத்தத்தில் உள்ள அளவுக்கே உப்போடு நீரை வடிக்கின்றன. அந்த நீர் குழாய் வழியாக வரும்போது, குழாய்ச் சுவரில் உள்ள செல்கள் சோடியத்தையும் குளோரைடையும் திரும்ப உறிஞ்சிக்கொண்டு, பொட்டாசியத்தையும் பைகார்பனேட்டையும் சேர்க்கின்றன. தண்ணீரை மட்டும் திரும்ப விடுவதில்லை.

எதற்கு இவ்வளவு சிரமம்? வாயில் எப்போதும் இரத்த அளவு உப்பு இருந்தால் ரசத்தில் உப்பு குறைவு என்பதை நாக்கு எப்படிக் கண்டுபிடிக்கும்? புளியை வைத்து வேகமாக ஊறவிட்டால் குழாய்க்கு உறிஞ்ச நேரம் போதாது. அப்போது வரும் எச்சிலில் உப்பும் பைகார்பனேட்டும் கூடுதலாக இருக்கும்.

சர்க்கரையை எடுங்கள். நாக்கை நீட்டி, துணியால் நன்றாகத் துடைத்து உலரவிடுங்கள். உலர்ந்த இடத்தில் சிட்டிகை சர்க்கரை வையுங்கள். நாக்கை உள்ளே இழுக்காதீர்கள். ஒன்றும் தெரியாது, மணல் வைத்த மாதிரி இருக்கும். இப்போது வாயை மூடுங்கள். எச்சில் பட்டதும் இனிக்கும். கரையாத எதையும் நாக்கால் சுவைக்க முடியாது.

படி 4: அளந்து பாருங்கள்

நிமிர்ந்து உட்கார்ந்து தலையைக் கொஞ்சம் குனியுங்கள். ஒரு முறை விழுங்கிவிட்டு, அதன்பின் 5 நிமிடம் விழுங்காமல், எச்சிலைத் தானாக அளவு மூடிக்குள் வடியவிடுங்கள். துப்ப முயல வேண்டாம், துப்புவதே கூடுதலாக ஊறவைக்கும். பார்க்க அருவருப்பாகத்தான் இருக்கும். வீட்டில் யாரும் இல்லாத நேரம் உத்தமம்.

நிமிடத்துக்கு 0.3 முதல் 0.4 மில்லி என்பது வழக்கமான அளவு, அதாவது மூடியில் ஒன்றரை முதல் இரண்டு மில்லி. 5 நிமிடத்தில் அரை மில்லிகூட வரவில்லை என்றால் சுரப்பு குறைவு என்று மருத்துவர்கள் கணக்கிடுவார்கள். மெல்லும்போது இது பல மடங்காகும். ஒரு நாளைக்கு மொத்தம் அரை லிட்டரிலிருந்து ஒன்றரை லிட்டர். அரை லிட்டர் பால் பாக்கெட் ஒன்றிலிருந்து மூன்று வரை என்று வைத்துக்கொள்ளுங்கள். எல்லாமே விழுங்கப்பட்டு, குடலில் உறிஞ்சப்பட்டு, இரத்தத்துக்கே திரும்பிவிடுகிறது.

தூங்கும்போது மட்டும் சுரப்பு ஏறக்குறைய நின்றுவிடும். காலையில் வாய் நாறுவது அதனால்தான். இரவு பல் தேய்க்காமல் படுத்தால், பல்லில் ஒட்டிய இனிப்பைக் கழுவ ராத்திரி முழுக்க ஆளே இல்லை. காலையில் ஒரு வேளை மட்டும் தேய்க்கிற நம் பழக்கம் தலைகீழானது என்றுதான் எனக்குப் படுகிறது.

படி 5: பொரியைக் கவளமாக்குங்கள்

ஒரு வாய்ப் பொரியைப் போட்டு, மெல்லாமல் சும்மா வைத்திருங்கள். அண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும், எச்சிலை எல்லாம் உறிஞ்சிவிடும். இப்போது மெல்லுங்கள். முதலில் தூள், அப்புறம் பசை, கடைசியில் ஒரு வழுவழுப்பான உருண்டை. நாக்கும் கன்னமும் இதைப் பல்லுக்கு அடியில் மாறி மாறித் தள்ளிக்கொண்டே இருப்பதைக் கவனியுங்கள். எச்சிலில் 99 சதவீதத்துக்கு மேல் தண்ணீர்தான். ஆனால் மீதியில் இருக்கும் மியூசின் என்ற கொழகொழப்பான புரதம்தான் தூளைச் சேர்த்துப் பிடிக்கிறது, வழுக்கவும் வைக்கிறது. வெறும் தண்ணீரில் நனைத்த பொரி இப்படிக் கவளமாகாது. கவளம் என்ற சொல்லை நாம் யானைக்கு ஒதுக்கிவிட்டோம், ஆனால் மருத்துவர்கள் போலஸ் என்பதற்கு அதைவிடப் பொருத்தமான சொல் இல்லை.

வெறும் சோற்றை ஒரு நிமிடத்துக்கு மேல் மென்றுகொண்டே இருங்கள். மெல்லிய இனிப்பு வரும். அமைலேஸ் என்ற நொதி மாவுச்சத்தை மால்டோஸ் சர்க்கரையாக உடைக்கிறது. எச்சில் கரண்டியைப் போட்ட கஞ்சி கொஞ்ச நேரத்தில் நீர்த்துப்போவதும் இதே நொதியால்தான். நொறுங்கத் தின்றால் நூறு வயது என்பதில் நூறுக்கு நான் உத்தரவாதம் தர மாட்டேன். ஆனால் நொறுங்கத் தின்பது தொண்டைக்கு எவ்வளவு பெரிய உபகாரம் என்று அடுத்த படியில் தெரியும்.

அதற்குமுன் பல்லைப் பற்றி ஒரு வார்த்தை. இனிப்பைத் தின்ற கிருமிகள் அமிலத்தை உண்டாக்கி, வாயின் பி.எச். அளவு (அமிலம் கூடக் கூடக் குறையும் எண்) 5.5-க்குக் கீழே போனால் பல் எனாமல் கரையத் தொடங்கும். எச்சிலின் பைகார்பனேட் அதை மேலே ஏற்றுகிறது, அதில் உள்ள கால்சியமும் பாஸ்பேட்டும் கரைந்த இடத்தை அடைக்கின்றன. இதற்கு அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் வேண்டும். அரை மணிக்கு ஒரு தரம் சர்க்கரை போட்ட டீ குடிக்கும் ஆபீஸில் எச்சிலுக்கு அந்த நேரம் கிடைப்பதே இல்லை.

படி 6: விழுங்குங்கள், கையால் பாருங்கள்

சிகிச்சையாளர் என் கையை வைத்த விதம் இது. ஆள்காட்டி விரல் தாடைக்கு அடியில் மெத்தென்ற இடத்தில். நடுவிரல் கழுத்தும் தாடையும் சேரும் மடிப்பில், அங்கே லாடம் மாதிரி ஒரு சின்ன எலும்பு இருக்கிறது. மோதிர விரலும் சுண்டு விரலும் குரல்வளையின் குமிழ்மேல். அழுத்தாமல் சும்மா தொட்டுக்கொண்டு, ஒரு வாய் தண்ணீரை விழுங்குங்கள்.

ஆள்காட்டி விரலுக்கு அடியில் முதலில் இறுகும், அது நாக்கு. உடனே குமிழ் விரலைத் தாண்டி மேலே ஏறி, ஒரு கணம் நின்று, இறங்கும். ஏறி இறங்க ஒரு நொடிதான். அந்த ஒரு நொடிக்குள் நடப்பதைச் சொல்ல எனக்கு ஒரு பத்தி வேண்டும்.

நாக்கு நுனி அண்ணத்தில் ஊன்றி, கவளத்தைப் பின்னால் தள்ளுகிறது. மெல்லண்ணம் உள்நாக்கோடு மேலேறி மூக்குக்குப் போகும் வழியை அடைக்கிறது. விழுங்கும் நேரம் பார்த்துச் சிரித்தவர்களுக்கு மூக்கு வழியாகக் காபி வந்திருக்கும், இந்தக் கதவு பிசகியதால். லாட எலும்பும் குரல்வளையும் மேலும் முன்னுமாக இழுக்கப்படுகின்றன. குரல் நாண்கள் இறுக மூடுகின்றன. அவற்றுக்குமேல் குரல்வளை மூடி சாய்ந்து கவிழ்கிறது. குரல்வளை முன்னால் நகர்ந்த அந்த இழுப்பிலேயே, பின்னால் எப்போதும் இறுகி மூடியிருக்கும் உணவுக்குழாயின் வாய் திறக்கிறது. நாக்கின் அடிப்பகுதியும் தொண்டைச் சுவரும் பிழிந்து கவளத்தை உள்ளே அனுப்புகின்றன. முப்பதுக்கு மேற்பட்ட தசைகள், ஐந்து மண்டை நரம்புகள், எல்லாவற்றுக்கும் வரிசை சொல்லும் மையம் மூளைத்தண்டின் அடிப்பகுதியான முகுளத்தில்.

மூச்சுக்கும் சோற்றுக்கும் தொண்டையில் ஒரே பாதை. அதனால் அந்த நேரம் மூச்சு நின்றாக வேண்டும். புறங்கையை மூக்குக்கு அடியில் வைத்துக்கொண்டு விழுங்கிப் பாருங்கள். காற்று நிற்பதும், முடிந்ததும் பெரும்பாலும் மூச்சு வெளியே வருவதும் தெரியும். உள்ளே இழுப்பதில்லை. ஓரத்தில் ஏதாவது ஒட்டியிருந்தால் வெளியே தள்ள வசதி.

இப்போது வாயை ‘ஆ’ என்று திறந்துகொண்டே எச்சிலை விழுங்க முயலுங்கள், தண்ணீர் வேண்டாம். ரொம்பக் கஷ்டம். வாய் மூடினால்தான் உள்ளே அழுத்தம் கட்டும், நாக்குக்கும் ஊன்ற இடம் கிடைக்கும்.

அடுத்து, எதையும் குடிக்காமல் வெறும் எச்சிலை அடுத்தடுத்து ஐந்து முறை விழுங்குங்கள். முதல் இரண்டு சுலபம். மூன்றாவது இழுபறி. நான்காவது, ஐந்தாவதில் தொண்டை மக்கர் பண்ணும். உங்கள் இஷ்டம் இருந்தும் நடக்காது, ஏனென்றால் விழுங்குவதில் நம் அதிகாரம் நாக்கு தள்ளும் வரைக்கும்தான். அதற்கப்புறம் தொண்டையில் ஏதோ ஒன்று பட்டால்தான் முகுளம் உடனுக்குடன் வேலையை எடுத்துக்கொள்ளும். இருந்த எச்சில் தீர்ந்துவிட்டது. ஜப்பானில் முதியவர்களைச் சோதிக்க இதையே பயன்படுத்துகிறார்கள். 30 நொடியில் மூன்று முறையாவது எச்சிலை விழுங்க முடிகிறதா என்று கழுத்தைத் தொட்டு எண்ணுவார்கள். ஒரு நாளில் நாம் சுமார் 600 முறை விழுங்குகிறோம். பெரும்பாலானவை சாப்பாட்டுக்காக இல்லை, எச்சிலுக்காக.

படி 7: நெஞ்சு வழியாக

உணவுக்குழாய் சுமார் 25 சென்டிமீட்டர். அதில் ஒரு அலை நொடிக்கு மூன்று நான்கு சென்டிமீட்டர் வேகத்தில் பிழிந்துகொண்டே இறங்கும், எட்டு பத்து நொடியில் இரைப்பை. சூடான காபியை அவசரத்தில் விழுங்கியவர்களுக்கு இந்தப் பாதை மனப்பாடம். அலைதான் தள்ளுகிறது என்பதால் தலைகீழாகத் தொங்கினாலும் விழுங்கலாம், விண்வெளியிலும் சாப்பிடலாம். இதைச் செய்து பார்க்க வேண்டாம். மடக் மடக்கென்று தொடர்ந்து குடிக்கும்போது மட்டும் அலை காத்திருக்கும். கடைசி மடக்குக்குப் பிறகே முழுதாகப் புறப்படும். நெஞ்சில் இட்லி மாட்டினால் நாம் ஒன்றும் செய்யாமலே இரண்டாவது அலை எழுந்து தள்ளிவிடும்.

படி 8: எங்கே பிசகும்

இப்போது அப்பாவின் தண்ணீர்க் கணக்கு புரியும். மென்ற இட்லி மெதுவாக வழுக்கி வருகிறது, குரல்வளை மேலேறத் தாமதமானாலும் காத்திருக்கும். தண்ணீர் காத்திருக்காது, கதவு மூடுவதற்குள் மூச்சுக்குழாயில் இறங்கிவிடும். அப்பாவுக்குத் தண்ணீரைக் கெட்டியாக்கும் பொடி கலந்து கொடுத்தோம். நேராக உட்காரவைத்து, டிவியை அணைத்து, தேக்கரண்டி அளவு மட்டும். குமிழ் ஏறி இறங்கிய பிறகே அடுத்த கரண்டி. நடுநடுவே “ஆ சொல்லுங்கப்பா” என்போம். குரல் தண்ணீருக்குள்ளிருந்து வருவது போலக் கொழகொழத்தால் இன்னும் உள்ளே ஏதோ நிற்கிறது என்று அர்த்தம். சாப்பிட்டு அரை மணி நேரம் படுக்கவிடவில்லை. சிலருக்கு இருமலே வராமல் நுரையீரலுக்குள் போய்விடும், அடிக்கடி காய்ச்சலும் சளியும்தான் அறிகுறி. அதனால் இந்த அளவுகளை எல்லாம் பரிசோதித்துவிட்டுச் சிகிச்சையாளர்தான் சொல்ல வேண்டும், என்னைப் பார்த்து நீங்கள் செய்யக்கூடாது.

நாங்கள் செய்த தப்பு ஒன்று உண்டு. அப்பா பழக்கதோஷத்தில் அண்ணாந்து குடிக்கக் கேட்டார், கொடுத்துவிட்டோம். நன்றாக இருப்பவர்களுக்கு அண்ணாந்து குடிப்பதில் பிரச்சினை இல்லை. தொண்டை பலவீனமானவருக்குத் தலையைப் பின்னால் சாய்ப்பது, தண்ணீரை நேராக மூச்சு வழியில் கவிழ்ப்பது மாதிரி.

புரை ஏறினால் யாரோ நினைக்கிறார்கள் என்று தலையில் தட்டுவோம். நினைக்கட்டும், தட்டத் தேவையில்லை, இருமவிடுங்கள். இருமல்தான் மருந்து. சத்தமே வராமல், பேச முடியாமல், முகம் நீலம் பாய்ந்தால்தான் ஆபத்து. அப்போது முன்னால் குனியவைத்து இரண்டு தோள்பட்டைக்கும் நடுவில் ஐந்து அடி, பின்னாலிருந்து கட்டிப்பிடித்து மேல்வயிற்றில் உள்ளும் மேலுமாக ஐந்து அழுத்தம், அடைப்பு விடும் வரை மாறி மாறி. பக்கத்தில் ஒருவர் 108-ஐக் கூப்பிடட்டும். கைக்குழந்தைக்கும் கர்ப்பிணிக்கும் வயிற்றை அழுத்தக்கூடாது.

வாய் எப்போதும் உலர்ந்திருந்தால் முதலில் மாத்திரைச் சீட்டைப் பாருங்கள். அலர்ஜி, மனச்சோர்வு, அடிக்கடி சிறுநீர் போவது ஆகியவற்றுக்கான சில மாத்திரைகள் எச்சிலைக் குறைக்கும். கண்ணும் சேர்ந்து உலர்ந்தால் ஷோக்ரன் நோயாக இருக்கலாம், 1933-இல் அதை விவரித்த ஸ்வீடன் கண் மருத்துவரின் பெயர் அது. தலை, கழுத்துப் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு பெற்றவர்களுக்கும் இதே தொல்லை. சாப்பிட உட்கார்ந்தாலே தாடைக்கு அடியில் வீங்கி, அப்புறம் வற்றினால் குழாயில் கல் இருக்கலாம். பத்தில் எட்டுக் கல் கீழ்த்தாடைச் சுரப்பியில்தான் வரும். அதன் குழாய் நீளம், போவது மேல்நோக்கி, எச்சிலும் கெட்டி. பார்க்கின்சன் நோயில் எச்சில் வழிவது அதிகம் ஊறுவதால் இல்லை, விழுங்குவது குறைவதால்.

கடைசியாக மாத்திரை. தொண்டை நன்றாக இருப்பவர்களுக்கு மட்டும் இது. கேப்ஸ்யூல் தண்ணீரில் மிதக்கும், அண்ணாந்தால் பல் பக்கமே நிற்கும். வாயில் தண்ணீரோடு வைத்துக்கொண்டு தலையைக் குனிந்து விழுங்குங்கள், தொண்டைப் பக்கம் மிதந்து வரும். மாத்திரைக்கு, பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலின் வாயை உதட்டால் கவ்வி, காற்று புகாமல் உறிஞ்சி விழுங்க வேண்டும். ஜெர்மனியின் ஹைடல்பெர்க் பல்கலைக்கழக மருத்துவமனை ஆய்வாளர்கள் 2014-இல் இந்த இரண்டு முறைகளையும் சோதித்து வெளியிட்டார்கள், பலருக்கும் சுலபமாக இறங்கியது.

அப்பா இப்போது மறுபடி காபி குடிக்கிறார். டபராவில் ஆற்றி, டம்ளரை உதட்டில் வைத்து, ஒவ்வொரு வாயாக. நான் பேப்பர் படிப்பது போல உட்கார்ந்து அவர் கழுத்தைத்தான் பார்த்துக்கொண்டிருப்பேன். “என்னடா எண்ணுறே?” என்கிறார்.